பச்சைக்கு உட்கார்ந்தவள்

என் நாத்தனாரைப் பத்திச் சொல்லணும்னா அவ நாக்குலேருந்துதான் ஆரம்பிக்கணும். சிரிக்காதீங்க. அவ நாக்கு பச்சை.

எங்க ஊர்ல படப் புத்தகம் போடுற பட்டறை ஒண்ணு இருக்கு. செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சா, தாள்ல விழுறது வெறும் கறுப்புக் கோடுதான். அதுக்கு நிறம் கொடுக்கிறது கையால, ஒவ்வொரு தாளா. நீளமா ஒரு மேசை, ரெண்டு பக்கமும் பெஞ்சு, ஆளுக்கு ஒரு நிறம். ஒருத்தி இலைக்குப் பச்சை போட்டுப் பக்கத்துல தள்ளுவா. அடுத்தவ பூவுக்குச் சிவப்பு போட்டுத் தள்ளுவா. அப்புறம் மஞ்சள். மேசைக் கோடியில வேருக்கும் கட்டைக்கும் பழுப்பு போடுற ஒரு பெரியவர். பிரஷ் நுனி கூரா இருக்கணும்னு எல்லாருமே அதை வாயில வெச்சு உதட்டால இழுப்பாங்க. சாயங்காலம் பட்டறை வாசல்ல நின்னு நாக்கை நீட்டச் சொன்னா, யார் எங்கே உட்கார்றவங்கன்னு ஊரே சொல்லிடும். பேரு சொல்லிக் கூப்பிடுற வழக்கமே அங்கே கிடையாது. பச்சை, சிவப்பு, மஞ்சள், வேர்க்காரர், அவ்வளவுதான். வீட்டுலயும் அதுவே ஒட்டிக்கிச்சு. நானே அவளைப் பச்சைன்னுதான் கூப்பிடுவேன்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப அவ பட்டறையில சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. ஒல்லியா, ஊதினா பறந்துடுற மாதிரி இருப்பா. அப்புறம் ஒரு நல்ல இடம் வந்துச்சு அவளுக்கு. பையனோட அம்மா இவ விரலைப் பிடிச்சுப் பாத்துட்டு, "இது என்னம்மா, ஏதாவது தோல் வியாதியா?"ன்னு கேட்டாங்க. சும்மா சிரிச்சு மழுப்பியிருக்கலாம்ல? இவ நாக்கை நீட்டிக் காட்டினா. அந்தம்மா அன்னிக்கு எழுந்து போனவங்கதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அவ என்னடான்னா, "விடுங்க அண்ணி, அந்த வீட்டுக்குப் போயிருந்தா பட்டறையை விடச் சொல்லியிருப்பாங்க"ன்னா. அதோட கல்யாணப் பேச்சு முடிஞ்சுது. பூட்டு ரிப்பேர் பண்ற அண்ணன் வீட்டுல ஒரு சின்ன அறை, பட்டறையில ஒரு பச்சை இடம். அவளுக்கு அது போதும்னு ஆயிடுச்சு.

அப்படியே பல வருஷம் ஓடினப்புறம் ஒரு பெரிய வேலை வந்துச்சு. கடலுக்கு அந்தப் பக்கம், கப்பல்ல மாசக்கணக்கா போற தூரத்துல, நம்ம ஆளுங்க போய்க் கொடி நட்டு உட்கார்ந்திருக்கிற குடியேற்ற நாடு ஒண்ணு இருக்குல்ல, அங்கே முளைக்கிற செடிகொடியைப் பத்தின புத்தகம். அதுவரைக்கும் அந்தச் செடிங்களை யாருமே படம் போட்டு அச்சடிச்சது கிடையாதாம். அங்கே போய் அலைஞ்சு திரிஞ்சு, வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்த ஐயா ஒருத்தர் இருந்தார். பட்டறையில அவருக்குச் செடி ஐயான்னு பேரு.

எங்க பச்சைக்கு அந்தப் புத்தகம் வந்ததுலேருந்து தலை கால் புரியல. தினமும் ஒரு கதையோட வருவா. "அண்ணி, இன்னிக்கு ஒரு செடி. இலை எங்கே முடியுது, பூ எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. நானும் சிவப்பும் தாளை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்தோம்." இன்னொரு நாள், "அண்ணி, இன்னிக்கு வந்ததுல இலையே இல்ல. வெறும் குச்சி. நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." ஒரு பூ கம்பளிப்பூச்சி மாதிரி இருந்துச்சாம், அது பூவா பூச்சியான்னு பட்டறை மேஸ்திரிக்கே தெரியலையாம். "கடவுள் அங்கே செடி செய்யறப்போ தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பாரு"ன்னு நான் சொன்னேன். அவ சிரிக்கல. ராத்திரிச் சாப்பாட்டுல கையை வெச்சுக்கிட்டு, "அப்படியெல்லாம் நிஜமாவே இருக்குமா அண்ணி?"ன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? நான் போனதே சந்தைவரைக்கும்தான்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிடணும், இல்லேன்னா பின்னாடி நடந்தது புரியாது. செடி ஐயா தன் கையால நிறம் போட்ட தாள் ஒவ்வொரு செடிக்கும் ஒண்ணு இருக்கும். அதுதான் மாதிரி. மேசைக்கு எதிர்ல, நல்லா வெயில் விழுற ஜன்னல் பக்கத்துல ஒரு பலகை. மாதிரித் தாளை அந்தப் பலகையில வெச்சு, மேல்விளிம்புல ஒரு மரப்பட்டியை அழுத்தித் திருகி வெச்சிடுவாங்க. மேசையில இருக்கிற எல்லாரும் அதைப் பாத்துப் பாத்துத்தான் போடணும். உன் மனசுல தோணுற பச்சை, உன் தோட்டத்துல இருக்கிற பச்சை, எதுவும் செல்லாது. மாதிரியில என்ன பச்சையோ அந்தப் பச்சை. தினமும் காலையில நீலத்தையும் மஞ்சளையும் புதுசாக் குழைச்சு, மாதிரிக்குப் பக்கத்துல ஒரு துண்டுத் தாளைப் பிடிச்சு ஒத்துப் பாத்துட்டுத்தான் என் நாத்தனார் உட்காருவா. அதுல அவளை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு மேஸ்திரியே சொல்லுவார்.

பொதுவா ஒரு மாதிரி சில நாள் பலகையில இருக்கும், வேலை முடிஞ்சதும் டிராயருக்குப் போயிடும். ஆனா இந்தப் புத்தகத்துல முதல் பக்கத்துப் படம் ஒண்ணு. ஒரு புதர். இலையெல்லாம் அரிவாள் மாதிரி வளைஞ்சு தொங்கும், நடுவுல சிவப்புச் சிவப்பாப் பூ. அது ஊர்ல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. புத்தகம் வாங்க வசதி இல்லாதவங்க அந்த ஒரு தாளை மட்டும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினாங்க. சுடச்சுட வித்துச்சு. வெயில் காலம் முழுக்க அதே படம், அதே மாதிரி, அதே பலகை.

அப்பதான் வந்துச்சு வினை. ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் அடுத்தடுத்த வீடு. ரெண்டு பேர் வீட்டுலயும் அந்தப் படம். டாக்டர் முன்னாடியே வாங்கினவர், வக்கீல் கடைசில வாங்கினவர். ஒருநாள் வக்கீல் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பாத்துட்டு, "உங்க படத்துல இலை பச்சையா இருக்கே, என்னோடதுல நீலமா இருக்கு"ன்னு சொல்லியிருக்கார். இவர் உன்னுது போலின்னு சொல்ல, அவர் உன்னுதுதான் போலின்னு சொல்ல, ரெண்டு பேரும் சட்டத்தோட படத்தைக் கழட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் பட்டறைக்கே வந்துட்டாங்க.

மேஸ்திரி ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாராம். முகத்துல ஈ ஆடலையாம். ஒண்ணு நல்ல பச்சை. இன்னொண்ணு சாம்பல் நீலம். ரெண்டும் ஒரே கை, ஒரே இடம். அவர் வேறெதுவும் யோசிக்கல. "பச்சை, உனக்குக் கண்ணு போயிடுச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். சிவப்பைத் தூக்கிப் பச்சைக்கு உட்கார வெச்சார். இவளை மேசைக் கோடிக்கு, வேர்க்காரர் பக்கத்துல அனுப்பிட்டார்.

இதெல்லாம் அவ என்கிட்ட சொன்னாளா? மூச்சு விடல. காலையில எழுந்தா, போனா, வந்தா, படுத்தா. எனக்குத் தெரிய வந்ததே ஒரு கொட்டாவியால. ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில நின்னு வாயைப் பொளந்து கொட்டாவி விட்டா. நாக்கு பழுப்பு.

"அடியே, என்னடி இது? வாயைத் திற. நாக்கு ஏன் இப்படி இருக்கு?"

வாயை இறுக்க மூடிக்கிட்டா. நான் விடுவேனா? கையில இருந்த கரண்டியோட அவ முன்னாடி நின்னேன். அப்படியே தரையில உட்கார்ந்து சொல்ல ஆரம்பிச்சா. அழல. அழுதிருந்தாத் தேவலை. "அண்ணி, எனக்குக் கண்ணு சரியாத்தான் தெரியுது. ஆனா கண்ணு கெட்டவங்களுக்கும் அப்படித்தானே தோணும்?"ன்னு கேட்டா. அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவ எல்லாத்தையும் வேண்டாம்னா. பச்சை இடம் போச்சுன்னா அப்புறம் அவ யாரு? என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ்வளவுதான் மிச்சம்.

அன்னிக்கே என் வீட்டுக்காரர் பரிசோதனை பண்றேன்னு கிளம்பிட்டார். வீட்டுல இருக்கிற துணி, நூல், கீரை, பாட்டில் எல்லாத்தையும் தரையில பரப்பி வெச்சு, "இது என்ன நிறம், இது என்ன நிறம்"னு கேட்டார். அவ ஒண்ணு விடாமச் சரியாச் சொன்னா. கடைசில வாசக் கதவைக் காட்டினார்.

"பச்சை"ன்னா அவ.

"நீலம்"னு நான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கதவைப் பாத்தார், என்னைப் பாத்தார், அவளைப் பாத்தார். "பச்சைன்னும் சொல்லலாம், நீலம்னும் சொல்லலாம்"னார்.

"அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு? நீங்கதானே?"ன்னு கத்தினேன்.

"ஆமா. ஆனா டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. பழைய டப்பா ரெண்டைக் கலந்தேன்"னார். இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே.

அதுக்கப்புறம் வீடே குழம்பிப்போச்சு. எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துருச்சு. சேலை எடுக்கப் போனா, இது என்ன நிறம்னு கடைக்காரரைக் கேக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாப் பாக்கிறார். என் நாத்தனார் பாவம், நடக்கிற வழியெல்லாம் எதையாவது உத்து உத்துப் பாத்துக்கிட்டே வருவா. ஒரு மரத்தடியில நின்னா அரை மணி நேரம் நகர மாட்டா. கண் டாக்டர் ஒருத்தர்கிட்ட போனோம். அவர் விளக்கைப் பிடிச்சுப் பாத்துட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லை, வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கு"ன்னார். வயசுக்குத் தகுந்த மாதிரின்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா, கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? கேட்டா, ரெண்டும்தான்னு சிரிக்கிறார்.

எனக்குப் பொறுமை போயிடுச்சு. ஒருநாள் மதியம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நேராப் பட்டறைக்குப் போனேன். உள்ள நுழைஞ்சதும் முதல்ல கண்ணுல பட்டது என் நாத்தனார்தான். மேசைக் கோடியில குனிஞ்சு உட்கார்ந்து ஒரு வேருக்குப் பழுப்பு தடவிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும், "ஐயோ அண்ணி, நீங்க ஏன் வந்தீங்க"ன்னு முனகினா. பச்சை இடத்துல சிவப்பு உட்கார்ந்திருந்தா. நாக்கு ரெண்டும் கெட்டான் நிறத்துல இருந்துச்சு.

"மேஸ்திரி, எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கண்ணு போச்சுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"அம்மா, நான் சும்மா சொல்லலை. இங்கே வாங்க, நீங்களே பாருங்க"ன்னு டாக்டர் படத்தையும் வக்கீல் படத்தையும் எடுத்தார். "இது முதல்ல போட்டது, பச்சை. இது கடைசில போட்டது, நீலம். கண்ணு போகப் போக இப்படி ஆயிருக்கு."

"சரி, மாதிரி எந்த நிறம்?"

"மாதிரியா? மாதிரி வந்து..." ரெண்டு படத்தையும் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போனார். நானும் பின்னாடியே போனேன். பச்சைப் படத்தை மாதிரிக்குப் பக்கத்துல பிடிச்சார். ஒட்டவே இல்ல. நீலப் படத்தைப் பிடிச்சார். அச்சு அசல் அப்படியே இருந்துச்சு.

மேசையில எல்லாரும் பிரஷைக் கீழே வெச்சுட்டாங்க.

"அப்ப கடைசில போட்டதுதான் சரி"ன்னேன் நான்.

"அப்படின்னா முதல்ல போட்டது தப்பு"ன்னார் அவர். "அப்ப, முதல்ல கண்ணு கெட்டு, அப்புறம் நல்லா ஆயிடுச்சா?"

"கண்ணு என்ன ஜலதோஷமா மேஸ்திரி, வந்துட்டுப் போறதுக்கு?"

"முதல் தாளை நான்தானே பாத்துச் சரின்னு சொன்னேன்"னு அவர் தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். "மாதிரியோட ஒத்துப் பாத்துத்தானே சொன்னேன்? அப்ப எனக்கும் கண்ணு கெட்டிருந்துச்சா? எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்துல கெட்டு, ஒரே நேரத்துல..." வேர்க்காரர் அந்தக் கோடியிலேருந்து, "மேஸ்திரி, எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க"ன்னார். சிவப்பு, "அப்ப நான் இப்ப எதைப் பாத்துப் போடுறது, பச்சையா நீலமா?"ன்னு கேட்டா. மஞ்சள், தான் போட்ட மஞ்சள் மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. யாருக்கும் எதுவும் புரியல.

எனக்குப் பொங்கிக்கிட்டு வந்துச்சு. "இந்தத் தாள்தானே எல்லாத்துக்கும் காரணம்? இதை முதல்ல கீழே எடுங்க!"ன்னு சொல்லிக்கிட்டே அந்த மரப்பட்டியைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன். மேஸ்திரி "ஐயையோ, மாதிரி, மாதிரி!"ன்னு ஓடி வந்தார். பட்டி கழண்டு அவர் கால்ல விழுந்துச்சு. தாள் என் கைக்கு வந்துருச்சு.

தாள்ல மேல்விளிம்போரமா, இத்தனை நாளும் பட்டிக்கு அடியில இருந்த இடத்துல, ஒரு இலையோட நுனி. விரல் அகலம் கூட இருக்காது. அது பச்சை. நல்ல, கண்ணைப் பறிக்கிற பச்சை. அதுக்குக் கீழே கோடு கிழிச்ச மாதிரி நீலம் ஆரம்பிக்குது. ஒரே இலை.

மஞ்சள்தான் முதல்ல கிட்ட வந்து பாத்துட்டுச் சொன்னா, "மேஸ்திரி, இதுல இருக்கிற மஞ்சள் வெயில்ல வெளுத்துப்போச்சு. நீலம் மட்டும் தங்கிடுச்சு. இது நம்ம மஞ்சள் இல்லை. நம்ம மஞ்சள் வெளுக்காது."

புரியுதா உங்களுக்கு? கண்ணு போகல. மாதிரிதான் போச்சு. வெயில் காலம் முழுக்க ஜன்னலோரமா உட்கார்ந்து, நாளைக்கு ஒரு துளி நாளைக்கு ஒரு துளின்னு அது மாறியிருக்கு. என் நாத்தனார் ஒவ்வொரு நாளும் அன்னன்னிக்கு அது என்ன நிறமோ அதே நிறத்தைப் பிசகாமப் போட்டிருக்கா. ஒரு நாள் கூடத் தப்புப் பண்ணல. நான் வெற்றிக்கொடி நாட்டின மாதிரி இடுப்புல கையை வெச்சுக்கிட்டு அவ பக்கம் திரும்பினேன்.

அவ முகம் செத்துப்போயிருந்துச்சு.

மேசையைச் சுத்தி மெதுவா வந்தா. தாளை என் கையிலேருந்து வாங்கினா. அந்தப் பச்சை நுனியைத் தொட்டா, நீலத்தைத் தொட்டா. "நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்"ன்னா. "தினமும் பாத்தேனே அண்ணி. என் கண்ணு முன்னாடியே மாறியிருக்கு. எனக்குத் தெரியலையே." அப்புறம் அலமாரி பக்கம் போனா. அதுல இத்தனை வருஷமா அவ பச்சை போட்ட புத்தகங்கள் வரிசையா இருந்துச்சு. ஒண்ணை எடுத்துத் திறந்தா, மூடினா. இன்னொண்ணு. "இதுக்கும் அதே ஜன்னல்தானே? அப்ப இதெல்லாம் என்ன பச்சை?"ன்னு கேட்டா. மேஸ்திரி, "அடப் போம்மா, அதெல்லாம் சில நாள்தான் பலகையில இருந்துச்சு, அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது"ன்னார். "ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னா அவ. அவர் குனிஞ்சு கீழே கிடந்த பட்டியை எடுத்தார்.

மறுநாள் அவ வேலைக்குப் போகல. அதுக்கடுத்த நாளும் போகல. மேஸ்திரி தானே வீடு தேடி வந்து, வாசல்ல நின்னு, "பச்சை, தப்பு என்மேலதான், எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், உன் இடம் காலியா இருக்கு, வந்து உட்காரு"ன்னு கெஞ்சினார். அவ சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, "வேற யாரையாவது வெச்சுக்குங்க"ன்னா. நான் திட்டிப் பாத்தேன், கொஞ்சிப் பாத்தேன். "கண்ணு நல்லா இருக்குன்னு நிரூபிச்சாச்சுல்ல, இன்னும் என்னடி உனக்கு?"ன்னு கேட்டேன்.

"நல்ல கண்ணே இப்படி ஏமாந்துருச்சுன்னா, இனிமே நான் எதை நம்பி பிரஷைத் தொடுறது?"ன்னு கேட்டா.

கண்ணு போயிருந்தாக் கூடக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். இதுக்கு என்ன பண்றது? அவ சாப்பாட்டுத் தட்டு வெச்ச இடத்துல வெச்ச மாதிரியே இருக்கும். அவ எங்க கையை விட்டே போயிடுவாளோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல.

அந்த நேரத்துலதான் செடி ஐயா வந்தார். மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கார். நான் ஏதோ பெரிய மனுஷர், அதட்டப் போறார்னு நினைச்சேன். வந்தவர் காய்ச்சல்லேருந்து எழுந்த ஆள் மாதிரி இருந்தார். நாற்காலியைக் காட்டினா உட்காராம நின்னுக்கிட்டே பேசினார். அந்தப் படத்தை வரைஞ்சப்போ கொண்டுபோன மஞ்சள் தீர்ந்துபோச்சாம். அங்கேயே கிடைச்ச ஏதோ பூவைக் கசக்கி அந்தச் சாறை வெச்சுப் போட்டாராம். "வெளுக்கும்னு எனக்குத் தெரியாதும்மா"ன்னார்.

"அது போகட்டும் ஐயா. அந்தச் செடி நிஜத்துல என்ன நிறம்? அதைச் சொல்லிடுங்க, இவ எழுந்துடுவா"ன்னேன்.

அவர் தலையைச் சொறிஞ்சார். "அதுதான் எனக்கும் குழப்பமா இருக்கு. நான் கூடாரத்துல காய்ச்சலோட கிடந்தேன். கூட வந்தவங்கதான் கிளையை ஒடிச்சுக் கொண்டுவந்தாங்க. வர்ற வழியில வாடிப்போயிருந்துச்சா, நான் பச்சைன்னு போட்டது கண்ணால பாத்த பச்சையா, இலைன்னா பச்சைதானேன்னு நினைச்சுப் போட்ட பச்சையா... இப்ப அந்த நீலப் படத்தைப் பாத்தா, அட, இப்படித்தான் இருந்துச்சோன்னும் தோணுது."

நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். ஆனா உள் அறையில கட்டில் கிறீச்சுன்னுச்சு. என் நாத்தனார் எழுந்து வந்து கதவோரமா நின்னா. "உங்களுக்கே தெரியாதா?"ன்னு கேட்டா.

"தெரியாது"ன்னார் அவர். "கொஞ்சம் விதை கொண்டுவந்தேன். ஊர்த் தோட்டத்துல, கண்ணாடிக் கொட்டகையில கொடுத்திருக்கேன். ஒண்ணு முளைச்சிருக்காம். நானே இன்னும் போய்ப் பாக்கல. பாக்கப் பயமா இருக்கு. வர்றீங்களா?"

அவ முகத்தைக் கழுவிக்கிட்டு வந்தா. நானும் கூடப் போனேன். அவளைத் தனியா அனுப்ப எனக்கு மனசு இல்ல.

கண்ணாடிக் கொட்டகைக்குள்ள ஒரே புழுக்கம். தோட்டக்காரர் எங்களைக் கடைசி வரிசைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினார். நான் என்னவோ ஏதோன்னு நினைச்சுக்கிட்டுப் போனா, சுண்டுவிரல் உசரத்துல ஒரு குச்சி. அதுல நாலஞ்சு இலை. அரிவாள் மாதிரி இல்ல, வளைஞ்சு தொங்கல, வட்டமா சின்னச் சின்னதா இருந்துச்சு. மேல பொடி பூசின மாதிரி ஒரு வெளுப்பு, ஓரத்துல செம்மண் நிறம். பச்சையும் இல்ல, நீலமும் இல்ல.

"ஐயா, இது அந்தச் செடிதானா?"ன்னு கேட்டேன்.

"விதை அதோடதுதான்"னார் செடி ஐயா. குரல்ல உறுதியே இல்ல.

"வளர வளர இலை மாறும்னு நினைக்கிறேன்"னார் தோட்டக்காரர். "எப்படி மாறும்னு கேக்காதீங்க. இந்த ஊர்ல இது வளர்ந்து யாரும் பாத்ததில்லை."

என் நாத்தனார் குனிஞ்சு, தொட்டிக்கு மூக்கு படுற மாதிரி பாத்தா. "முளைச்சப்பவும் இதே நிறம்தானா?"ன்னு கேட்டா.

தோட்டக்காரர் யோசிச்சார். "முளைச்சப்போ வேற மாதிரி இருந்துச்சும்மா. இருந்துச்சா? இல்ல, இப்படியேதான் இருந்துச்சா?" கழுத்துத் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. தினமும் நான்தான் தண்ணி ஊத்துறேன், தினமும் பாக்கிறேன். மாறியிருந்தாலும் எனக்குத் தெரியாது."

அவ நிமிர்ந்து அவரையே பாத்தா. "உங்களுக்குமா?"ன்னா.

"தினமும் பாத்தா யாருக்குத்தான்மா தெரியும்?"

அவ சிரிச்சுட்டா. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சா. செடி ஐயாவுக்கு ஒண்ணும் புரியல, தோட்டக்காரருக்கும் புரியல. எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. அவ கண்ணு மேல குத்தம் இல்ல, எந்தக் கண்ணா இருந்தாலும் அப்படித்தான்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்னு இத்தனை நாளும் அவ காத்துக்கிட்டு இருந்திருக்கா. அதைச் சொல்ல எனக்குத் தோணல பாருங்க.

அப்புறம் அவ தோட்டக்காரர்கிட்ட சொன்னா. "நான் மழைக்காலம் முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கமே வரமாட்டேன். அப்புறம் வெயில் காலம் முடிஞ்சு வருவேன். தினமும் பாக்கிறது உங்க வேலை. மாறியிருந்தாச் சொல்றது என் வேலை."

"ரொம்ப வருஷம் ஆகும்மா, இது பெரிசாகி இலை தொங்க."

"ஆகட்டும்"னா.

வெளிய வந்தோம். செடி ஐயா தயங்கித் தயங்கி, "இப்ப மிச்சத் தாளுக்கு என்ன நிறம் போடச் சொல்றது? மேஸ்திரி கேட்டுக்கிட்டே இருக்கார்"னார்.

"பட்டிக்கு அடியில இருந்த நிறம்"னா அவ. "நீங்க கை வெச்ச அன்னிக்கு அது என்னவா இருந்துச்சோ அது. தப்பா இருந்தா, செடி வளர்ந்ததும் மாத்திக்கலாம்."

தெரு முனையில நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவ பட்டறைப் பக்கம் திரும்பினா. "அண்ணி, நீங்க போங்க. சிவப்பு பாவம், ரெண்டு இடத்து வேலையை ஒருத்தியே பாக்கிறா"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்தா. நான் அங்கேயே நின்னு, அவ பட்டறைக்குள்ள போறவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையில பாதிக்கு மேல நரைச்சிருந்துச்சு. எப்ப நரைச்சுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல.